பொய்க்காட்சி வழியே மெய்யறிவா?

கால் தரையில் ஊன்றியிருக்கிறது. ஆனால் தரை தெரியவில்லை. சுற்றிலும் இருள். இருளின் மடியில் எண்ணற்ற விண்மீன்கள். எதிரே, மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது பொன்னிற ஆடி. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. நீட்டுகிறோம். கை வெறுங்காற்றைத் துழாவுகிறது!

மெய்நிகர் ஆட்டம் என்று இதற்குப் பெயர். விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கவென்றே இத்தகைய ஆட்டங்களை ஆக்கியிருக்கின்றனர். நாம் ஆடிப் பார்த்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் காட்டும் ஆட்டம். நிலவுக்கும் அப்பால், பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தக் கருவியின் அருகே, நாற்காலியை விட்டு நகராமலே சென்று நின்றோம்; சுற்றி வந்தோம்; வியந்தோம். கண்ணை மூடியிருந்த கருவியைக் கழற்றியதும், பெரும்பயணம் முடித்துத் திரும்பியவர் போல் பெருமிதத்தோடு பேசத் தொடங்கினோம்.

பக்கத்தில் இருந்த பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள்: “அந்தக் கண்ணாடிக்குப் பொன் எதற்கு அண்ணா?”

விடை தெரியவில்லை. “அழகுக்காக இருக்கும்” என்று சொல்லி நகர்ந்தோம். நகர்ந்தோமே தவிர, அந்தக் கேள்வி நம்மை விட்டு நகரவில்லை. ‘தெரியாது’ என்று சொல்ல நாணினோம். பொய் சொல்ல நாணவில்லை! பகுத்தறிவு பேசும் நாவுக்கு இது அடுக்குமா? கண்டோம், ஐயமில்லை. ஆனால் அறிந்தோமா? காண்பது வேறு, அறிவது வேறு என்பதை ஒரு சிறுமியின் சிறு கேள்வி சுட்டிக் காட்டிவிட்டது.

அந்த நாணத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. வினா இதுதான்: கண்ணை ஏமாற்றும் கருவியைக் கொண்டு கருத்துக்கு உண்மையைப் புகட்டலாமா? பொய்க்காட்சியின் வழியே மெய்யறிவு வருமா?

முதலில் அந்த ஏமாற்றுவித்தை இன்னதெனப் பார்ப்போம். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அந்த இரு காட்சிகளின் வேற்றுமையைக் கொண்டே மூளை தொலைவையும் ஆழத்தையும் அளக்கிறது. அப்படியானால், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு தட்டைப் படங்களைக் காட்டினால், இல்லாத ஆழத்தை இருப்பதாக மூளை எண்ணுமல்லவா? எண்ணும் என்று 1838-இல் மெய்ப்பித்தவர் ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன். தலை திரும்பினால் காட்சியும் திரும்பும்படியான அணிகருவியை 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து இயக்கிக் காட்டினார். அன்று அது கூரையோடு பிணைக்கப்பட்ட பெருங்கருவி. இன்று கைப்பையில் அடங்கும் சிறுகருவி. தலை அசையும் திசையை உணரிகள் உணர்கின்றன, நொடிக்குப் பல பத்து முறை படம் புதிதாக வரையப்படுகிறது, மூளை மயங்குகிறது. மாயமில்லை, மந்திரமில்லை, கணக்கும் கண்ணாடியும் மின்னும்தான்!

மெய்நிகர் என்னும் சொல்லே உண்மையை ஒப்புக்கொள்கிறது. மெய்க்கு நிகர், ஆனால் மெய்யன்று.

“அப்படியானால் அதை விலக்குவதுதானே அறிவுடைமை? மயக்கத்தை ஒழிக்க வந்தவர் மயக்கத்தையே கருவியாகக் கொள்வதா?” என்று கேட்பார் உண்டு. அவர் கேள்வி நேர்மையானது. விடை காணச் சற்றே பழங்காலத்துக்குச் செல்வோம்.

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில், முதல் நூற்றாண்டில், ஹீரோன் என்றோர் அறிஞர் இருந்தார். பலிபீடத்தில் தீ மூட்டியதும் கோயிற் கதவு தானே திறந்துகொள்ளும் பொறி ஒன்றை அவர் தம் நூலில் விளக்கியிருக்கிறார். தீயின் வெம்மையால் பீடத்தின் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்று கலத்திலுள்ள நீரைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் தொங்கும் வாளியில் நிறைகிறது. கனத்த வாளி கீழிறங்க, கயிறு இழுபட்டுக் கதவு திறக்கிறது. வாயிலில் நிற்பவனுக்கு அது அற்புதம். நூலைப் படிப்பவனுக்கு அது காற்றின் இயல்பு. பொறி ஒன்றே! ஆனால் ஒருவன் மண்டியிடுகிறான், மற்றவன் மனம் தெளிகிறான். இந்த வேற்றுமை எதனால் வந்தது? பொறியால் அன்று; பொறியின் உள்ளே பார்க்க விட்டதா, விடவில்லையா என்பதால் வந்தது.

ஆகவே, மயக்கம் தானே குற்றமன்று. மயக்கத்தை மறைத்து வைப்பதே குற்றம். திரையை விலக்கிக் காட்டும் மயக்கம் பாடம். திரையை இழுத்து மூடும் மயக்கம் பசப்பு. இந்த அளவுகோலைக் கையில் ஏந்தி, தொலைநோக்கியையும் அதைக் காட்டும் ஆட்டத்தையும் அளந்து பார்ப்போம்.

ஆட்டம் மட்டுமா ஆக்கப்பட்ட காட்சி? விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களும் ஒரு வகையில் ஆக்கப்பட்டவையே! வெப் தொலைநோக்கி பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களைப் பிடிக்கிறது. மனிதக் கண்ணுக்கு அவை தெரியா. சந்திரா என்னும் தொலைநோக்கி எக்ஸ் கதிர்களைப் பிடிக்கிறது. அவையும் தெரியா. தெரியாத கதிருக்குத் தெரியும் நிறம் ஏது? அறிஞர்கள் ஒரு முறைப்படி நிறங்களைச் சூட்டுகிறார்கள். அது பொய்யா? நிலப்படத்தில் கடலுக்கு நீலமும் மலைக்குப் பழுப்பும் தீட்டுகிறோமே, அது பொய்யா? இன்ன நிறம் இன்னதைக் குறிக்கும் என்று ஓரத்தில் எழுதி வைத்தால் அது மொழி. எழுதாமல் மறைத்தால் அது மோசடி.

சந்திராவின் பெயரைச் சொல்லும்போது தமிழர் நெஞ்சு நிமிர இடமுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் அது. ஆனால் நிமிர்ந்தால் மட்டும் போதாது, நினைக்கவும் வேண்டும். 1935 சனவரி 11-ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகத்தில் அந்த இளைஞர் தம் கணக்கை எடுத்துரைத்தார். ஒரு வரம்புக்கு மேற்பட்ட எடையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்த பின் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது என்பது அவர் முடிவு. உடனே எழுந்தார் எடிங்டன். அந்நாளைய வானியலின் பெரும்பெயர்! கணக்கில் பிழை காட்டி மறுத்தாரா? இல்லை; ஒரு விண்மீன் அப்படி முறைகேடாக நடந்துகொள்வதா என்று எள்ளினார்; அவை நகைத்தது. பெரும்பெயர் வென்றதா? சில காலம் வென்றது. பின்னர் கணக்கே வென்றது. 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1999 சூலையில் அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி விண்ணேறியது. சொன்னவர் யார் என்று பாராதே, சொன்னதற்குச் சான்று எது என்று பார் — இதுவே அந்தப் பெயர் நமக்குச் சொல்லும் பாடம்.

அந்தச் சந்திரா கண்ட காசியோப்பியா ஏ என்னும் வெடித்த விண்மீனின் எச்சம், பூமியிலிருந்து ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2018-இல், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து அதை மெய்நிகர் காட்சியாக்கினர். காண்பவர் வெடித்த விண்மீனின் நடுவிலேயே நின்று பார்க்கலாம். இங்கே இரும்பு, அங்கே சிலிக்கன் என்று திசை திசையாகத் திரும்பலாம். அத்தனை தொலைவில் உள்ள ஒன்றின் முன்னும் பின்னும் எப்படித் தெரிந்தது? எவரும் போய் வந்தாரா? இல்லை. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி அலைகள் நெருங்கும். விலகிச் செல்லும் பொருளின் ஒளி அலைகள் நீளும். அந்த வேற்றுமையை அளந்து, எது முன்புறம், எது பின்புறம் என்று கணித்தனர். ஆழம் அங்கே கண்ணால் கண்டதன்று; கருத்தால் அளந்தது. இதைச் சொல்லாமல் வண்ணங்களை மட்டும் காட்டினால் ஆட்டம் திருவிழா வேடிக்கை. இதையும் சொன்னால் அதுவே அறிவுச்சாலை!

“கண்ணால் கண்டாலன்றி நம்பேன்” என்று சொல்வது பகுத்தறிவின் அடையாளம் என நம்மில் பலர் எண்ணுகிறோம். தோழர்களே, அது போதாது! 2020 முதல் சந்திரா குழுவினர் இந்த விண்மீன் தரவுகளை ஒலியாகவும் மாற்றித் தருகின்றனர். கண்பார்வையற்றோரும் விண்வெளியைக் காதால் அறிய வழி பிறந்தது. காண்பதே அறிவென்றால் கண்ணற்றவர்க்கு அறிவில்லை என்றாகுமே! அறிவு கண்ணில் இல்லை, காரணத்தில் இருக்கிறது.

கண்டவர் எல்லாரும் அறிந்தவர் அல்லர் என்பதற்கு வரலாறே சான்று. 1610-இல் கலிலியோ தம் தொலைநோக்கியால் வியாழன் கோளைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். பார்க்கவே மறுத்த பேராசிரியர்கள் இருந்தனர்; அவர்களை நாம் எள்ளி நகைக்கிறோம், தகும். ஆனால் அதே ஆண்டு பொலோனா நகரில் அந்தக் கருவியின் வழியே பார்த்தவர்களில் பலருக்கும் நிலவுகள் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு விண்மீன் இரண்டாகத் தெரிகிறதே, கருவியே கண்ணை ஏமாற்றுகிறதோ என்று ஐயுற்றனர். அந்த ஐயம் மடமையா? அன்று! அதைத் தீர்க்கும் வழி, “கலிலியோ சொன்னார், நம்பு” என்பதா? அதுவும் அன்று! கெப்ளர் வேறொரு தொலைநோக்கியைக் கடனாகப் பெற்றார். பார்த்தவர் ஒவ்வொருவரையும், மற்றவர் அறியாவண்ணம், தாம் கண்டதைத் தனித்தனியே சுண்ணக்கட்டியால் வரையச் செய்தார், பின்பு ஒப்பிட்டார். ஒத்திருந்தன. அப்போதுதான் காட்சி சான்றாயிற்று. மறுத்தவனும் ஐயுற்றவனும் ஒன்றல்ல. மறுத்தவன் கதவை அடைத்தான். ஐயுற்றவன் கதவைத் தட்டினான்.

இனி, இத்தகைய ஆட்டம் எதைக் கற்பிக்க வேண்டும்? வெற்றியை மட்டும் காட்டும் ஆட்டம் பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. பாதி உண்மை சில வேளை முழுப் பொய்யினும் கொடிது. அபுள் தொலைநோக்கியின் கதையைக் கேளுங்கள்.

1990 ஏப்பிரல் 24-ஆம் நாள் அபுள் விண்ணேறியது. 2.4 மீட்டர் அகல ஆடி. உலகமே வியந்து பார்த்திருந்தது. வந்த படங்களோ மங்கல்! ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டிய வடிவைவிட 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்கு! ஆடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்ததுதான் காரணம். தவறு மனித இயல்பு, அதைக் குறைகூறோம். குறைகூற வேண்டியது வேறொன்று. வேறு எளிய சோதனைகள் “பிழை உண்டு” என்று முன்பே காட்டியிருந்தன. “அவை துல்லியம் குறைந்த கருவிகள், பெருங்கருவி பிழைக்காது” என்று அந்தச் சான்றை ஒதுக்கினர்! நாசா அமைத்த விசாரணைக் குழு இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

பார்த்தீர்களா? மூடநம்பிக்கை பாமரனின் குடிசையில் மட்டும் குடியிருப்பதில்லை. ஆய்வுக்கூடத்திலும் நுழையும்; வெள்ளை அங்கி அணிந்துகொள்ளும்; அளவுகோலையே ஆண்டவனாக்கும். ‘பெருங்கருவி பிழைக்காது’ என்பதற்கும் ‘பெரியவர் பிழைக்கமாட்டார்’ என்பதற்கும் என்ன வேற்றுமை? ஆனால் அறிவியலுக்கு ஒரு பெருமை உண்டு. பிழையை மூடி மறைக்கவில்லை, உலகறிய ஒப்புக்கொண்டது, எத்தனை மைக்ரான் என்று அளந்தது. அளந்ததால் திருத்த முடிந்தது. 1993 திசம்பரில் வீரர்கள் விண்ணில் பறந்து சென்று, பிழைக்கு ஈடுசெய்யும் கருவிகளைப் பொருத்தினர், அபுள் தெளிந்தது. பிழையே செய்யாதது என்று எதையும் சொல்லாதே. பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வழி எதற்கு உண்டோ, அதை மதி!

ஆகவேதான் சொல்கிறோம்: தொலைநோக்கியைக் கற்பிக்கும் ஆட்டத்தில் தோல்விக்கு இடம் வேண்டும். வெப்பின் வரலாறே அதற்கு ஏற்ற களம். 2021 திசம்பர் 25-ஆம் நாள் தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து, ஏரியான் 5 ஏவுகணையின் தலையில், மடித்து வைத்த குடைபோல் அது புறப்பட்டது. விண்ணில் அவிழ வேண்டும். ஒன்று பழுதானாலும் முயற்சி முழுவதும் பாழாகக்கூடிய இடங்கள் 344 இருந்தன. வெயில் தடுக்கும் ஐந்தடுக்குத் திரை, டென்னிசு ஆடுகளம் அளவு விரிய வேண்டும். பதினெட்டு அறுகோணத் துண்டுகள் சேர்ந்து 6.5 மீட்டர் அகல ஆடியாக வேண்டும். சேருமுன் என்ன தெரிந்தது? 2022 பிப்பிரவரியில், ஒரே ஒரு விண்மீனை நோக்கியபோது, பதினெட்டுப் புள்ளிகள் சிதறித் தெரிந்தன! எந்தப் புள்ளி எந்தத் துண்டினுடையது? ஒரு துண்டை அசைத்தனர். எந்தப் புள்ளி அசைந்தது என்று பார்த்தனர். பின் அடுத்த துண்டு. இப்படியே பதினெட்டும். எவ்வளவு எளிய வழி! ஒன்றை மாற்று, விளைவைப் பார், முடிவு செய். அறிவியல் முறையின் அரிச்சுவடி இதுவே.

ஆடுபவன் கையில் அந்தப் பதினெட்டுத் துண்டுகளையும் கொடுங்கள். அவன் தவறாக அசைக்கட்டும், படம் மங்கட்டும், திரை கிழியட்டும், முயற்சி பாழாகட்டும், ஏன் பாழாயிற்று என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பொத்தானை அமுக்கியதும் பொன்மலர்போல் விரியும் தொலைநோக்கி அவனைப் பார்வையாளனாக்கும். தடுமாறி, தவறி, திருத்தி அவன் விரிக்கும் தொலைநோக்கியோ அவனை அறிவாளனாக்கும். முன்னதில் கைதட்டல் மிஞ்சும். பின்னதில் கைத்திறன் மிஞ்சும்.

ஆக்குபவர்க்கு மட்டும் அறமுரைத்து அமைந்தால் போதுமா? ஆடுபவர்க்கும் கடமை உண்டு. கருவியைக் கழற்றியதும் ஆட்டம் முடிந்ததென எண்ணாதீர். அப்போதுதான் பாடம் தொடங்குகிறது. கண்டதில் எது அளந்தது, எது கணித்தது, எது அழகுக்காக வரைந்தது என்று பிரித்துப் பாருங்கள். இது தவறென்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவதை விட, எழுந்த ஐயத்தைச் சொல்லி விவாதியுங்கள்.

“கருவி விலையுயர்ந்ததாயிற்றே, ஏழை மாணவன் எங்கே போவான்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. வெப் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் செலவாயிற்று. அதன் பெரும்பகுதி மக்கள் தந்த வரிப்பணம். மக்கள் பணத்தில் எழுந்த அறிவு, கருவி வாங்க வல்லார் வீட்டுக்கு மட்டும் உரியதாகலாகாது. அது திரட்டும் தரவுகள், உரிய காலம் கழிந்ததும் உலகத்தார் எவரும் எடுத்து ஆராயுமாறு பொதுவில் வைக்கப்படுகின்றன. இது வரவேற்கத்தக்க அறம். அந்த ஆட்டத்துக்கும் அதே அறம் வேண்டும். ஒரு படிப்பகத்தில் ஒரு கருவி இருந்தால் ஊரே கற்கலாம். கருவியே இல்லாவிடினும், பதினெட்டுச் சிறு கண்ணாடித் துண்டுகளை அட்டையில் ஒட்டி, ஒரு விளக்கின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க முயன்று பாருங்கள். அந்த முயற்சியில் வரும் தடுமாற்றம், ஆயிரம் பொன்னிறக் காட்சிகள் தராத தெளிவைத் தரும்.

அந்தச் சிறுமிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மறுநாள் தேடிப் படித்தோம். அவளைத் தேடிச் சென்றோம். “நேற்று நாம் சொன்னது தவறு அம்மா. பொன் அழகுக்காக அன்று. அகச்சிவப்புக் கதிர்களை நன்றாகத் திருப்பி அனுப்பும் இயல்பு அதற்கு உண்டு. ஆடியின் உடல் பெரிலியம் என்னும் இலேசான உலோகம். கடுங்குளிரிலும் அது வடிவம் குலையாது. அதன் மேல் பூசிய பொன் மிக மெல்லிய படலம், எல்லாம் சேர்த்தும் ஐம்பது கிராமுக்குள்தான்” என்றோம்.

அவள் மகிழ்ந்து நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. சற்றே யோசித்து, “பொன் அப்படிச் செய்யும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” என்று கேட்டாள்.

இம்முறை நாம் நாணவில்லை. “தெரியாது, சேர்ந்து தேடுவோம்” என்றோம்.

மெய்நிகர் ஆட்டம் நம்மை 15 இலட்சம் கிலோமீட்டர் அழைத்துச் சென்றது. அந்தச் சிறுமியின் கேள்வியோ, அதற்கும் அப்பால் அழைத்துச் செல்கிறது. ஆட்டங்கள் வரட்டும், வளரட்டும்! ஆனால் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஒரு கேள்வி எஞ்சட்டும். கண்ணை மூடி நம்பாதே. கண்ணைத் திறந்து கண்டாலும் கேட்காமல் நம்பாதே! கேள், தேடு, தெளி!